புதுச்சேரியில் எங்கள் பூர்வீக வீடு விற்பனைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் நான்கு தலைமுறைகளாக எங்கள் குடும்பத்திடம் இருந்துவரும் வீட்டை விற்பதென்று உடன்பிறந்தோர் நால்வரும் ஒருமனதாக முடிவு செய்திருக்கிறோம். வந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைக் கேட்பதால் அவற்றையும் எங்கள் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறோம். வீட்டின் குறைகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நாங்கள் சொல்லியிருப்போம். கடலுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் கட்டிய வீட்டின் இயல்பு தெரியாமல் வாங்குபவர், நல்ல எண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பாலேயே அதைக் கெடுத்துவிடுவார் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள்.

வீடு எங்கே இருக்கிறது? கடல் தெரியுமா?

ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நேரு வீதிக்கு வடக்கே, கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தெருவில் வடக்குப் பார்த்த வீடு. கடற்கரைச் சாலைக்கு நிதானமாக நடந்தால் கால் மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து கடல் தெரியாது, மாடியிலிருந்தும் தெரியாது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மதியத்துக்குமேல் கடற்காற்று திரும்பும்போது, தெருப்பக்கச் சன்னலையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்தால் முற்றத்தின் வழியாகக் காற்று வீடு முழுவதும் ஓடும். மாலை ஐந்து மணிக்குக் கூடத்தில் மின்விசிறி தேவைப்பட்டதில்லை.

வீட்டின் வயது என்ன?

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எங்கள் கொள்ளுத்தாத்தா 1911இல் இந்த வீட்டை வாங்கிய பிரெஞ்சு மொழிப் பத்திரத்தில், மாடியுடன் கூடிய வீடு என்று அப்போதே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே வீடு அதற்கு முந்தையது. மாடியின் பின்பகுதிக் கூரையில் இருப்பவை மங்களூர் ஓடுகள். பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறித்தவ அமைப்பு மங்களூரில் தன் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865இல்தான் என்பதால் அந்தக் கூரை அதற்குப் பிறகு போடப்பட்டது. கீழ்த்தளம் மாடியைவிடப் பழையது என்று பார்த்த பொறியாளர்கள் சொல்கிறார்கள். கீழே சுவரின் கனம் இரண்டு அடிக்கு மேல், செங்கற்களும் மேலே உள்ளவற்றைவிட மெல்லியவை.

இருநூற்றைம்பது ஆண்டு வீடு, முந்நூறு ஆண்டு வீடு என்று தரகர்கள் சொல்லக்கூடும். அதை நம்ப வேண்டாம். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது ஊரைத் தரைமட்டமாக்கினார்கள்; 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகே மறுபடி கட்டினார்கள். அதற்கு முந்தைய வீடு என்று இங்கே காட்டக்கூடியவை மிக அரிது. ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அவற்றில் ஒன்று. தெருக்களின் நேர்க்கோட்டு அமைப்பு மட்டும் அதைவிடப் பழையது. 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் வரைந்த அமைப்பு அது.

நிலத்தின் அளவு என்ன? பத்திரத்தில் உள்ள ஆர், சென்டியார் என்பவை என்ன?

பழைய பத்திரத்தில் 2 ஆர் 68 சென்டியார் என்று இருக்கிறது. ஒரு ஆர் 100 சதுர மீட்டர், ஒரு சென்டியார் 1 சதுர மீட்டர். ஆக, 268 சதுர மீட்டர். ஊர்வழக்கில் ஐந்து குழி. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: அங்கே பல ஊர்களில் ஒரு குழி என்பது 144 சதுர அடி, புதுச்சேரியில் 576 சதுர அடி. தெருப்பக்கம் 24 அடி அகலம், உள்ளே 120 அடி நீளம், மொத்தம் 2,880 சதுர அடி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். திண்ணைக்கு முன்னால், மரத்தூண்கள் தாங்கி நிற்கும் தாழ்வாரம் இந்த அளவில் அடங்காது. அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக வீட்டுக்காரர்கள் தெரு விளிம்பில் போட்ட கூரை அது. எங்கள் பத்திரத்தின் அளவு திண்ணைச் சுவரிலிருந்து தொடங்குகிறது. எனவே தாழ்வாரத்தைப் பராமரிக்கும் பொறுப்பு உங்களுக்கு வரும். அதன் நிலம் உங்கள் சொத்தாகாது. அதைக் கம்பிக் கதவு போட்டு அடைக்க நினைப்பவர்கள் இந்த வீட்டை வாங்காமல் இருப்பது நல்லது.

வீட்டில் என்னென்ன இருக்கின்றன?

தெருவிலிருந்து மூன்று கருங்கல் படி ஏறினால் தாழ்வாரம், பிறகு இருபுறமும் திண்ணை, நடுவில் தேக்கு நிலையும் இரட்டைக் கதவும். நடையைத் தாண்டினால் நான்கு பக்கமும் தூண்களோடு முற்றம். அதன் கிழக்கே சாமியறையும் ஒரு படுக்கையறையும், மேற்கே இரண்டு அறைகள், தெற்கே கூடமும் அதற்குப் பின்னால் சமையலறையும் இருக்கின்றன. கடைசியில் கிணறு, ஒரு தென்னை, ஒரு கறிவேப்பிலை மரம். மாடியில் தெருப்பக்கம் வளைவுச் சன்னல்களோடு ஒரு பெரிய அறையும் பின்னால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீண்ட அறையும் உண்டு. கீழே தமிழ் வீடாகவும் மேலே அரைத்தூண்களும் வளைவுகளும் கொண்ட பிரெஞ்சு முகப்பாகவும் இருக்கும் இந்த அமைப்பு புதுச்சேரிக்கே உரியது. நம் ஊர்க் கொத்தனார்கள் வாய்க்காலுக்குக் கிழக்கே கட்டிப் பழகியதை மேற்கே கொண்டுவந்ததன் விளைவு.

கூடத்து ஊஞ்சல், கதவுகள், சன்னல்கள், சாமியறை மாடங்கள் வீட்டோடு வரும். பாத்திரங்களும் படங்களும் வராது. ஊஞ்சல் பலகையைக் கழற்றித் தனியாக விலை கேட்ட பழம்பொருள் வியாபாரிகளுக்கு மறுத்துவிட்டோம்.

மேல்தளம் காங்கிரீட்டா? அது தாங்குமா?

காங்கிரீட் அல்ல, மெட்ராஸ் டெரஸ். அது எப்படி நிற்கிறது என்று தெரிந்தால்தான் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது புரியும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரங்கள். அவற்றின்மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களுக்கு மேலே மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் காரையால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி நாள்கணக்காக மரக்கட்டையால் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கம்பி கிடையாது, எனவே கடற்காற்றில் துருப்பிடிக்க எதுவும் இல்லை.

பலவீனம் மரத்தில் இருக்கிறது, அதிலும் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகளில். நடுவில் பளபளவென்று இருக்கும் உத்தரம் முனையில் மக்கியிருக்கலாம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: ஏணி வைத்து ஏறி, உத்தரத்தை நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள், பிறகு சுவரை ஒட்டித் தட்டுங்கள். நல்ல தேக்கு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்கும். கரையான் குடைந்த முனை அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் சத்தமின்றி அமுங்கும். எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் மொத்தம் 22 உத்தரங்கள். அவற்றில் மேற்கு அறையில் இரண்டின் முனைகள் மக்கிவிட்டன. அடியில் மரத்தாங்கி கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். அவை மாற்றப்பட வேண்டியவை. மீதமுள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உங்கள் பொறியாளரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவரில் உப்புப் பூத்திருக்கிறதே, அது ஆபத்தா?

இந்தப் பதிலைத் தயவுசெய்து முழுமையாகப் படியுங்கள். பழைய வீட்டுச் சுவருக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. நிலத்தின் ஈரம், உப்போடு சேர்ந்து, செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடக்கூடியது. ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும், உப்பு மேலே வெள்ளையாகப் பூத்து உதிரும். ஆண்டுக்கொரு முறை துடைத்து வெள்ளையடித்தால் போதும். அதாவது, உப்புப் பூப்பது சுவர் தன்னைக் காத்துக்கொள்வதன் அடையாளம்.

1990களில் எங்கள் தந்தையார், பூத்துக்கொண்டே இருக்கிறதே என்று மேற்குச் சுவர் முழுவதையும் இடுப்பளவுக்குச் சிமெண்டால் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தார். பார்க்க அழகாக இருந்தது. ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் அது சிமெண்டுக்கு மேலே இன்னும் உயரமாக ஏறியது. 2016இல் நான் அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுக்க ஆள் வைத்தேன். பலகை பலகையாக அது பெயர்ந்து விழுந்தபோது உள்ளே செங்கல் இருந்த இடத்தில் ஈரமான சிவப்புத் தூள்தான் இருந்தது. என் ஆள்காட்டி விரல் முதல் கணு வரை உள்ளே போனது. அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மாற்ற நேர்ந்தது. இப்போது அந்தச் சுவர் முழுவதும் சுண்ணாம்புப் பூச்சு. அதில் மறுபடி உப்புப் பூக்கிறது, பார்ப்பதற்கு அழகில்லைதான். அதை அப்படியே விட்டிருக்கிறோம். கிழக்கு அறையில் ஒரு சுவரில் மட்டும் பழைய சிமெண்ட் பூச்சு இன்னும் இருக்கிறது. அதன் உள்ளே என்ன நிலை என்பதை, உங்கள் பொறியாளர் விரும்பினால், ஓரடிச் சதுரம் கொத்திப் பார்க்க அனுமதிக்கிறோம்.

சுண்ணாம்பு வேலைக்கு இன்று ஆள் கிடைப்பார்களா?

கிடைப்பார்கள், ஆனால் காத்திருக்க வேண்டும். மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை 1984 முதல் இயங்குவதாலும், ஊரில் பழைய வீடுகளைச் சீரமைக்கும் வேலை தொடர்ந்து நடப்பதாலும், சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்கள் இங்கே அற்றுப்போகவில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்த பெரியவர் சுண்ணாம்பைப் பல நாட்கள் நீரில் ஊறவிட்டு, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரின் துவர்ப்பை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கலவையில் சேர்ப்பார். சிமெண்ட் வேலை பத்து நாளில் முடியும் இடத்தில் இது ஒரு மாதம் ஆகும். அவசரப்படுத்தினால் பூச்சு வெடிக்கும். வீடு விற்ற பிறகும், எங்களுக்குத் தெரிந்த வேலையாட்களை அறிமுகப்படுத்தி வைப்போம்.

வீட்டில் மிக மோசமான பகுதி எது?

எல்லாவற்றிலும் புதியதாகிய பகுதிதான். 1986இல் சமையலறைக்குப் பக்கத்தில் கட்டிய குளியலறையும் கழிப்பறையும் காங்கிரீட் கூரை போட்டவை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் உப்பிக்கொண்டு காங்கிரீட்டைப் பிளக்கும். அந்தக் கூரையின் அடிப்பாகத்தில் இரண்டு இடத்தில் கம்பி வெளியே தெரிகிறது. அதைப் பழுதுபார்ப்பது வீண்செலவு என்பது எங்கள் கருத்து. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட மெட்ராஸ் டெரஸுக்குக் கீழே அச்சமின்றித் தூங்கும் நாங்கள், நாற்பதாண்டு காங்கிரீட்டுக்குக் கீழே குழந்தைகளைக் குளிக்க விடுவதில்லை.

புயலிலும் மழையிலும் வீடு எப்படி இருந்தது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மாடியின் ஓட்டுக்கூரையில் பாதி போனது. பழைய ஓடுகளையே தேடி வாங்கி மறுபடி வேய்ந்தோம். 2004 ஆழிப்பேரலை எங்கள் தெருவரை வரவில்லை. கடற்கரைச் சாலையை ஒட்டிய பாறைத் தடுப்பு அன்று நகரத்தைக் காத்தது.

உண்மையான சோதனை 2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தெருவில் தண்ணீர் ஏறி எங்கள் இரண்டாம் படியை மூடியது. மூன்றாம் படியைத் தொடவில்லை. உள்ளே முற்றத்தில் விழுந்த மழை, தெருத் தண்ணீரின் மட்டம் குறையும் வரை கால்வாய் வழியாக வெளியேற முடியாமல் முழங்கால் அளவுக்கு நின்றது. முற்றம் கூடத்தைவிட ஒன்றரை அடி தாழ்ந்து அமைந்திருப்பதன் காரணம் அன்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குப் புரிந்தது. கூடம் நனையவில்லை. முற்றத்தை ஓட்டாலும் கண்ணாடியாலும் மூடி அறையாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். மாடித் தட்டோட்டில், தென்மேற்கு மூலையில் ஒரு கசிவு அன்று தொடங்கியது; அதன் கறை கீழே தானிய அறையின் கூரையில் தெரியும். அது இன்னும் சரிசெய்யப்படவில்லை.

பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடமா? இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாமா?

இன்டாக் தயாரித்த பட்டியலில் எங்கள் தெருவின் பல வீடுகளோடு இதுவும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பது வேறு, அரசிதழில் மரபுக் கட்டடம் என்று அறிவிக்கப்படுவது வேறு. இந்த வீடு இதுவரை அரசிதழில் அறிவிக்கப்படவில்லை. ஆனாலும் இந்தப் பகுதியில் இடிக்கவோ முகப்பை மாற்றவோ விண்ணப்பித்தால் நகர அமைப்புக் குழுமம் அதை மரபுக் கட்டடங்களுக்கான ஆலோசனைக் குழுவின் கருத்துக்கு அனுப்பக்கூடும். நீங்கள் முன்கூட்டியே குழுமத்தில் எழுத்துமூலம் கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதுகாப்பு.

இடிக்க நினைப்பவருக்கு விற்க எங்களுக்கு மனமில்லை. இடிக்கக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதலாமே என்று எங்கள் உறவினர் ஒருவர் கேட்டார். சொத்தை முழு உரிமையோடு கொடுத்துவிட்டு, அதை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று கட்டுப்பாடும் விதித்தால், வாங்கியவர் அந்தக் கட்டுப்பாட்டை இல்லாததாகவே கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. பக்கத்தில் எங்களுக்கு வேறு நிலம் இருந்து, அதன் நன்மைக்காக விதித்திருந்தால் கதை வேறு. எங்களுக்கு அப்படி நிலம் இல்லை. ஆகவே யாருக்கு விற்கிறோம் என்பதில் மட்டுமே எங்களால் கவனமாக இருக்க முடியும். விலை பேசுவதற்கு முன் வீட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்; தவறாக எண்ண வேண்டாம்.

கல்வே சுப்பராயச் செட்டித் தெருவை, பழைய பெயரில் வைசியாள் தெருவை, ஒருமுறை நடந்து பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அங்கே வீட்டு முகப்புகளும் தாழ்வாரங்களும் சீரமைக்கப்பட்டன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கடற்கரைச் சாலையில் இருந்த, மேரி (Mairie) என்று அழைக்கப்படும் பழைய நகராட்சிக் கட்டடமோ பராமரிப்பில்லாமல் கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது அதே வடிவில் எழுப்பிய புதுக் கட்டடம். கடலோரத்தில் கவனிப்பாரற்ற சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சில மழைக்காலங்களே ஆயுள் என்பதற்கு எங்கள் ஊரிலேயே இருக்கும் சான்று அது.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா?

கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுகள் உள்ள அந்த மண்டலம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைதான். வீடு அதற்கு அப்பால் இருக்கிறது. ஒப்புதல் பெற்ற மண்டல வரைபடத்தில் உங்கள் வழக்கறிஞர் உறுதிசெய்துகொள்ளட்டும்.

உரிமை யாருடையது? எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும்?

நால்வர். கொள்ளுத்தாத்தா 1911இல் வாங்கினார். அவருடைய ஒரே மகனாகிய தாத்தாவுக்கு வந்தது. தாத்தா 1971இல் காலமான பிறகு தந்தையாரும் அத்தையும் சம பங்காளிகள். அத்தை தன் பங்கை 1974இல் பதிவுசெய்த விடுதலைப் பத்திரத்தின் மூலம் தந்தையாருக்கு விட்டுக்கொடுத்தார். தந்தையார் 2019இலும் தாயார் 2022இலும் மறைந்தார்கள். வாரிசுகள் நாங்கள் நால்வர் மட்டுமே.

தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள், பூர்வீகச் சொத்தாயிற்றே, பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை இல்லையா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் நிலைத்த இந்து மரபுச் சட்டப்படி, பூர்வீகச் சொத்தானாலும் தந்தை உயிரோடிருக்கும்வரை அவரே முழு உரிமையாளர். மகனுக்குப் பிறப்பால் பங்கு கிடையாது. ஊர் 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் அதன் பிறகே, 1963இல், இங்கே நீட்டிக்கப்பட்டது. எங்கள் குடும்பம் 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணைப்படி இந்து தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற குடும்பம் அல்ல. அப்படிப்பட்ட குடும்பத்திடம் வாங்கும்போது இந்தக் கணக்கு முற்றிலும் மாறும். உங்கள் வழக்கறிஞர் விரும்பினால், எங்கள் வயதுவந்த பிள்ளைகள் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள்.

மூலப்பத்திரம் பிரெஞ்சு மொழியில் இருக்கிறதே?

ஆம், அந்தக் காலத்தில் நோட்டரியின் முன்னால் எழுதிய பத்திரம். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். எல்லைகள் தெருப் பெயராலும் அண்டை வீட்டுக்காரர் பெயராலும் சொல்லப்பட்டிருப்பதால், இன்றைய நகர அளவை எண்ணோடு அதை ஒப்பிட்ட அளவையாளரின் வரைபடமும் உண்டு. மேற்குச் சுவர் பொதுச்சுவர். பக்கத்து வீட்டாருக்கும் எங்களுக்கும் ஆளுக்குப் பாதி. இதுவும் பத்திரத்திலேயே இருக்கிறது. வில்லங்கச் சான்றும் வீட்டுவரி ரசீதுகளும் நேரில் காட்டுவோம். வீட்டின்மேல் கடன் இல்லை, வாடகைக்காரர் இல்லை. தெருப்பக்க அறையில் இருந்த தையற்கடை 2020இல் காலி செய்யப்பட்டது.

விற்பவர்களில் ஒருவர் பிரான்சில் இருக்கிறாராமே?

மூத்த சகோதரர் பாரீசுக்கு அருகே வசிக்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமையும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டையும் உள்ளவர். புதுச்சேரிக் குடும்பங்களில் இது வழக்கமான நிலைதான். அவர் அங்கே கையெழுத்திட்டுச் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை எங்கள் தங்கைக்கு அனுப்பியிருக்கிறார். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டப்பட்டதா என்பது முக்கியம், கட்டப்பட்டிருக்கிறது. பதிவு நாளன்று அவரே நேரில் வரவும் எண்ணியிருக்கிறார்.

வரிப்பிடித்தம் வாங்குபவரின் கடமை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், இந்தியாவில் வசிக்கும் எங்கள் மூவரின் பங்குக்கு 1 விழுக்காடு பிடித்தம் செய்ய வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு விகிதம் அதைவிடப் பல மடங்கு. குறைந்த விகிதத்தில் பிடித்தம் செய்வதற்கான சான்றை வருமான வரித்துறையிடமிருந்து பெற்றுத்தருவது எங்கள் பொறுப்பு. இதைத் தவறவிட்டால் வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும்.

வெளிநாட்டில் வசிப்பவர்கள் வாங்கலாமா?

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை வைத்திருப்போரும் வாங்கலாம். இது குடியிருப்பு என்பதால் ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி தேவையில்லை. பணம் வங்கி வழியாக வர வேண்டும். இந்த அட்டையும் இந்திய வம்சாவளியும் இல்லாமல் வெளிநாட்டில் வசிக்கும் அயல்நாட்டவருக்கு விற்க எங்களால் இயலாது.

வங்கிக் கடன் கிடைக்குமா?

எளிதில் கிடைக்காது. முன்பு வாங்க முன்வந்த ஒரு தம்பதிக்கு, கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி ஒரு வங்கி மறுத்துவிட்டது. நிலத்தின் மதிப்பை மட்டும் கணக்கில் கொண்டு வேறொரு வங்கி பாதித் தொகை தர முன்வந்தது. கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச்சான்று கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும். எங்களிடம் உள்ள சான்றின் நகலைத் தருகிறோம்.

விலை எப்படி நிர்ணயிக்கப்பட்டது?

தரகர்கள் குழி விலையைப் பெருக்கி, அதிலிருந்து இடிக்கும் செலவைக் கழிக்கிறார்கள். அவர்கள் கணக்கில் வீடு ஒரு சுமை. நாங்கள் நிலத்துக்கு ஊர் விலையையும், தேக்குக்கும் கல்லுக்கும் நியாயமான மதிப்பையும் சேர்த்து, மேலே சொன்ன இரண்டு உத்தரங்கள், மாடிக் கசிவு, குளியலறை, கிழக்கு அறைச் சுவர் ஆகியவற்றுக்கான பழுதுச் செலவை மதிப்பீட்டின்படி கழித்திருக்கிறோம். அந்த மதிப்பீட்டையும் பார்க்கலாம். வாழ்வதற்காக வாங்குபவரிடம் சற்று இறங்கி வருவோம். முழுத்தொகையும் பத்திரத்தில் காட்டப்படும்; அதில் மாற்றமில்லை.

தங்கும் விடுதியாக மாற்றலாமா? கார் நிறுத்த இடம் உண்டா?

விடுதிக்கு நகராட்சி உரிமமும் பிற அனுமதிகளும் வேண்டும். அறைக்கு ஒரு குளியலறை என்று சுவரை உடைக்காமல் செய்ய முடிந்தால் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கனத்த சுவருக்குள் குழாய் புதைத்தால், கசிவது வெளியே தெரிய ஆண்டுகள் ஆகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கார் நிறுத்த இடம் இல்லை. சனி, ஞாயிறுகளில் தெருவிலும் இடம் கிடைக்காது.

கிணற்று நீர் குடிக்கலாமா?

முன்பு குடித்தோம். இப்போது கோடையில் கரிக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு தை வரை நன்றாக இருக்கும். குடிநீருக்கு நகராட்சிக் குழாய் உண்டு.

எப்போது வந்து பார்க்கலாம்?

தங்கை வீட்டிலேயே இருக்கிறார். முன்கூட்டிச் சொன்னால் எந்த நாளும் பார்க்கலாம். முதலில் ஒருமுறை வெயில் நாளில் வந்தாலும், வாங்குவது என்று எண்ணினால் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ மழை பெய்யும்போது மறுபடி வாருங்கள். எந்தச் சுவர் எவ்வளவு உயரத்துக்கு ஈரம் காட்டுகிறது, முற்றத்துத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வடிகிறது, தென்மேற்கு மூலையில் எத்தனை சொட்டு விழுகிறது என்பதையெல்லாம் அன்றுதான் பார்க்க முடியும். உங்கள் பொறியாளரையும் ஒரு நல்ல டார்ச் விளக்கையும் கொண்டுவாருங்கள். உத்தரத்தைத் தட்டிப் பார்க்க ஏணி இங்கே இருக்கிறது.